உரிந்த பெயிண்டைத் திருப்பிப் பாருங்கள்

கடலூர் பக்கம் கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் மாடி வீடு, கட்டி 14 வருஷம் ஆகிறது. 2 வருஷத்துக்கு முன்னால் தீபாவளிக்காக வெளிப்பக்கம் முழுக்க அடித்த பெயிண்ட் இப்போது அப்பளம் மாதிரி உரிகிறது, கீழே மூன்றடி உயரத்துக்கு உப்பிக்கொண்டு நிற்கிறது, வடக்குச் சுவர் கறுத்துவிட்டது. பெயிண்டர் சரக்கு சரியில்லை என்கிறார், கடைக்காரர் பத்து வருஷ வாரண்டி உள்ளதை வாங்கச் சொல்கிறார், எந்தக் கம்பெனி பெயிண்ட் நிற்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி கம்பெனியைப் பற்றி இருந்தாலும், உங்களுக்குத் தெரிய வேண்டியது போன தடவை அடித்தது ஏன் சுவரைப் பிடிக்கவில்லை என்பதுதான். அது தெரியாமல் எந்த டப்பாவை உடைத்தாலும் இன்னும் 2 வருஷத்தில் இதே கேள்வியோடு வருவீர்கள்.

நான் இந்தத் தொழிலில் 26 வருஷமாக இருக்கிறேன். மாமாவோடு சாரத்தில் ஏறியபோது முதல் ஒன்றரை வருஷம் பிரஷ்ஷைத் தொடவிடவில்லை, கையில் சுரண்டியும் எமரித் தாளும் மட்டும்தான். அப்போது தண்டனை என்று நினைத்தேன், இப்போது என் ஆட்களுக்கும் அதையேதான் செய்கிறேன். பெயர் தெரிந்த நாலைந்து கம்பெனிகளில் எதன் நடுத்தர விலை எக்ஸ்டீரியர் எமல்ஷனாக (தண்ணீர் கலந்து வெளிச்சுவருக்கு அடிக்கிற பெயிண்ட்) இருந்தாலும் சரி, காய்ந்த, கெட்டியான சுவரில் சரியாக அடித்தால் ஐந்தாறு வருஷம் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். விலை கூடின சரக்கு அதற்கு மேல் ஓரிரண்டு வருஷம் கொடுக்கலாம், அழுக்கு குறைவாக ஒட்டும். ஆனால் ஈரச் சுவரையோ பொடிச் சுவரையோ எந்த விலைப் பெயிண்டும் காப்பாற்றாது. நீங்கள் போட்ட மூன்று படங்களை மட்டும் வைத்துத்தான் பேசுகிறேன், சுவரைத் தட்டிப் பார்க்கவில்லை. அதனால் எங்கே உறுதி, எங்கே ஊகம் என்று சொல்லிக்கொண்டே போகிறேன்.

முதல் வேலையாக உள்ளங்கை அளவுக்கு உரிந்த ஒரு துண்டை எடுத்து அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். பின்னால் மாவு மாதிரி வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தால், பெயிண்டுக்கு அடியில் இருந்த அடுக்குதான் சுவரை விட்டு வந்திருக்கிறது. மணல் ஒட்டியிருந்தால் சுவரின் சிமெண்ட் பூச்சே பலவீனம், கலவையில் சிமெண்ட் குறைவு அல்லது பூசிவிட்டு அது இறுகத் தண்ணீர் காட்டவில்லை. பின்பக்கம் சுத்தமாக வழுவழுவென்று இருந்தால், பழைய பெயிண்ட் மேல் தூசியோ உப்போ இருக்கும்போதே கழுவாமல் அடித்திருக்கிறார்கள், அல்லது சுவர் ஈரமாக இருக்கும்போது அடித்திருக்கிறார்கள். பச்சை, மஞ்சள், வெள்ளை என்று நாலைந்து அடுக்கு சேர்ந்து கனமாக வந்தால், புதுப் பெயிண்ட்மேல் தப்பில்லை, எல்லாவற்றுக்கும் கீழே இருக்கிற முதல் அடுக்குதான் கைவிட்டிருக்கிறது. இந்த நாலும் நாலு வேறு வியாதி. மருந்தும் வேறு.

என் ஊகம், உங்கள் துண்டில் வெள்ளைப் பொடிதான் இருக்கும். அகலமான துண்டுகளாக, சுருண்டு உரிவது பெரும்பாலும் அப்படித்தான். நம் பக்கத்தில் புது வீட்டுக்கு வெள்ளை சிமெண்டைத் தண்ணீரில் கரைத்து ஒரு கோட், ரெண்டு கோட் அடித்துவிட்டு அதையே பிரைமர், அதாவது பெயிண்டுக்கு முன்னால் அடிக்கிற அடிக்கோட் என்று சொல்லி மேலே எமல்ஷன் அடிக்கிற வழக்கம் இருக்கிறது. வெள்ளை சிமெண்டும் சிமெண்ட்தானே, அடிக்கும் முன் சுவரை நனைக்க வேண்டும், அடித்த பிறகு ரெண்டு மூன்று நாள் தண்ணீர் தெளிக்க வேண்டும், அப்போதுதான் இறுகும். வெயிலில் காய்ந்த சுவரில் அடித்தால் சுவர் தண்ணீரைக் குடித்துவிடும், மிஞ்சுவது கோலமாவு. அதன்மேல் எமல்ஷன் ஒரு பிளாஸ்டிக் தோல் மாதிரி படர்ந்து தன்னோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கும், சுவரோடு இல்லை. ஒரு மழைக்காலம் தாங்கும், ரெண்டாவது மழையில் தோல் கழன்றுவிடும். போன தடவை உங்கள் பெயிண்டர் இதைச் சுரண்டாமல் மேலேயே அடித்திருந்தால், அவர் மேலும் முழுப் பழி இல்லை, 14 வருஷத்துக்கு முன்னால் நடந்ததன் பலனை அவர் வாங்கிக்கொண்டார். ஆனால் கையால் தேய்த்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்தி இழுங்கள், கை வெளுத்தால் அது பெயிண்ட் அடிக்கத் தயாராக இல்லாத சுவர்.

உரியாத இடத்தையும் சும்மா விட வேண்டாம். பிளேடால் பெருக்கல் குறி மாதிரி கீறி, அதன்மேல் நல்ல பிசினுள்ள அகல டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு பெயிண்ட் வந்தால் அந்தப் பக்கம் முழுதும் சுரண்டத்தான் வேண்டும். வரவில்லையென்றால் கழுவி, எமரி போட்டு அதன்மேலேயே அடிக்கலாம். ஒவ்வொரு சுவரிலும் ஐந்தாறு இடத்தில் பார்த்துவிடுங்கள், அரைநாள் வேலை, ஆனால் எவ்வளவு சுரண்டல் கூலி வரும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும், யாரும் பயமுறுத்திக் கூட்டிச் சொல்ல முடியாது.

கீழ் மூன்றடி உப்பல் வேறு கதை. அது தரையிலிருந்து சுவரில் ஏறுகிற ஈரம், அதாவது ஓதம் என்று ஏறத்தாழ நிச்சயமாகச் சொல்வேன், ஏனென்றால் படத்தில் உப்பலின் மேல்விளிம்பு ஒரே உயரத்தில் கோடு போட்டது மாதிரி போகிறது, அந்தக் கோட்டில்தான் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. செங்கலும் பூச்சும் விளக்குத் திரி மாதிரி தண்ணீரை மேலே இழுக்கும். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், அதில் கரைந்திருந்த உப்பு போக இடமில்லாமல் அங்கேயே தங்கிப் படிகமாகும்போது பூச்சையே பிளக்கும். கடற்கரைப் பக்கம் இன்னொரு தொல்லை, இந்த உப்பு காற்றில் இருக்கிற ஈரத்தையும் இழுக்கும், அதனால் கோடையில்கூடச் சில நாள் சுவர் கருமையாகத் தெரியும். வீடு கட்டும்போது சவர் தண்ணீர் போர் போட்டுக் கலவை கலக்கியிருந்தால் உப்பு வெளியிலிருந்து வரவே தேவையில்லை, உள்ளேயே இருக்கிறது.

இதற்குக் காரணம் தேடும்போது முதலில் வெளியே தெருவைப் பாருங்கள். ரோடு மேல் ரோடு போட்டு உயர்ந்துகொண்டே வர, நாமும் காம்பவுண்டுக்குள் மண்ணடித்து உயர்த்திக்கொண்டே போகிறோம். அஸ்திவாரத்துக்கு மேலே ஈரம் ஏறாமல் தடுக்க ஒரு அடுக்கு போட்டிருப்பார்கள், மேஸ்திரிகள் டி.பி.சி. என்பார்கள், வெளி மண் அதைத் தாண்டிவிட்டால் அந்த அடுக்கு இருந்தும் இல்லாத மாதிரிதான். சுவரை ஒட்டி செடித்தொட்டி, பாத்தி, வடிகால் இல்லாத ஏ.சி. தண்ணீர்க் குழாய், ஒழுகுகிற தண்ணீர்த் தொட்டி, இதையெல்லாம் பாருங்கள். மண்ணைத் தள்ளிச் சுவரோரம் சரிவாக வடிகால் கொடுத்ததிலேயே பாதி அடங்கின வீடுகள் உண்டு.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும், கீழே டைல்ஸோ கிரானைட்டோ ஒட்டி மறைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வாட்டர்புரூஃப் கோட்டிங் அடிக்கச் சொன்னாலும் அப்படித்தான். ஈரத்துக்கு வெளியே வர வழியை அடைத்தால் அது இன்னும் மேலே ஏறும், மூன்றடி ஐந்தடி ஆகும், இல்லாவிட்டால் உள்பக்கம், உங்கள் ஹால் சுவரில் தலைகாட்டும். சரியான வழி, ஓதக்கோட்டுக்கு ஒரு அடி மேல்வரை பூச்சை உடைத்துச் செங்கல் தெரியும்படி விட்டு ஒரு வெயில் காலம் காய விடுவது. வெளியே பூக்கிற உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளிப் போடுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து உள்ளேயே திரும்பிப் போகும். மறுபடி எதைப் பூசுவது என்பதில் மேஸ்திரிகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. சிலர் சிமெண்டைக் கூட்டி வாட்டர்புரூஃப் கலந்து பூசுவார்கள், நான் பார்த்த வரையில் அது பல இடங்களில் ஓதத்தை மேலே தள்ளியிருக்கிறது. சுண்ணாம்பு கலந்த பூச்சு மூச்சு விடும், அதுதான் என் சாய்வு, ஆனால் அது கொஞ்சம் கொஞ்சமாக உதிரும், சில வருஷத்துக்கு ஒருமுறை ஒட்டுப்போட வேண்டியிருக்கும் என்று தெரிந்தே செய்ய வேண்டும். சுவரில் துளையிட்டு ரசாயனம் செலுத்தும் முறையை நான் வேலை பார்த்த வீடுகளில் ரெண்டில் செய்தார்கள், ஒன்றில் நின்றது, இன்னொன்றில் நிற்கவில்லை, ரெண்டு வீட்டை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். கீழ்ப்பகுதிக்கு எமல்ஷன் வேண்டாம், சுண்ணாம்போ சிமெண்ட் பெயிண்டோ அடித்து மேலே இருக்கிறதைவிடக் கருமையான நிறமாக வைத்துவிடுங்கள். நம் ஊர் வீடுகளில் அடியில் காவிப்பட்டை விடுவது அழகுக்கு மட்டும் என்று நினைக்கிறோம், அந்தப் பட்டையை மட்டும் வருஷா வருஷம் அடித்துக்கொள்ளலாம் என்கிற வசதியும் அதில் இருக்கிறது.

வடக்குச் சுவர் கறுப்பதற்கு நம் வானமே காரணம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அந்தப் பக்கமாகத்தான் அடிக்கிறது, அதே சமயம் செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் மூன்றாம் வாரம் வரை வடக்குச் சுவரில் நேர் வெயில் விழவே விழாது. நனைந்த சுவர் காற்றில் மட்டும் காய வேண்டும். பாசிக்கும் பூஞ்சைக்கும் வேறென்ன வேண்டும்? பத்து லிட்டர் தண்ணீரில் கால் கிலோ பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளிய விட்டு, மேலே நிற்கும் தெளிந்த தண்ணீரை மட்டும் அடித்து, அரைமணி நேரம் ஊறவிட்டு, நார் பிரஷ்ஷால் தேய்த்து நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். ஜன்னல் கம்பியில் பட்டால் உடனே கழுவுங்கள், துருப்பிடிக்கும். அதன்பிறகு பூஞ்சை கொல்லிக் கரைசல் பெயிண்ட் கடையிலேயே கிடைக்கும், டப்பாவில் சொன்னபடி அடிக்கலாம். உப்புக்கும் பாசிக்கும் ஆசிட் ஊற்றிக் கழுவுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. ஆசிட் சிமெண்டையே அரிக்கும் என்பது ஒரு பக்கம், பிளீச்சிங் பவுடர் அடித்த சுவரில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு வரும், சாரத்தில் நிற்கிறவன் மூச்சுத் திணறி விழுவான். உங்கள் வீட்டில் இரண்டையும் ஒரே நாளில் உள்ளே விடாதீர்கள்.

விரிசல் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. முடி மாதிரி மெல்லிய விரிசலுக்கு எமல்ஷனே போதும். அதைவிட அகலமானதை சுரண்டி முனையால் V வடிவத்தில் கீறி, தூசியை ஊதி, விரிசலுக்கென்றே விற்கும் அக்ரிலிக் பேஸ்ட் வைத்து அடைக்க வேண்டும், சிமெண்ட் பால் விட்டால் மறுபடி அதே கோட்டில் திறக்கும். மொட்டை மாடித் தளத்துக்குக் கீழே படுக்கையாக ஓடுகிற விரிசல் வெயிலில் தளம் நீள்வதால் வருவது. 10 மீட்டர் நீளக் கான்கிரீட் 20 டிகிரி சூடேறினால் சுமார் 2 மில்லிமீட்டர் நீளும், ராத்திரி சுருங்கும், அங்கே இழுபடாத எதை வைத்தாலும் பிளக்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போய் வருஷா வருஷம் அகலமாகிற விரிசல் இருந்தால் பெயிண்டரைக் கூப்பிடாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். சன்ஷேடின் அடியில் துருக்கறையோடு கான்கிரீட் புடைத்திருந்தாலும் அதே பதில், உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்துக்கொண்டிருக்கிறது, கடற்கரை வீட்டில் இது சகஜம், அதன்மேல் பட்டி (சுவரைச் சமமாக்கப் பூசும் பசை) பார்த்து அடிப்பது புண்ணின்மேல் பவுடர் போடுவதுதான். அப்புறம் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் தலைப்பகுதி. மழை நேராக விழுகிற இடம் அதுதான், அங்கே விரிசல் இருந்தால் தண்ணீர் பூச்சுக்குப் பின்னால் இறங்கி, பத்தடி கீழே பெயிண்டை உப்ப வைக்கும், நாம் கீழே காரணம் தேடிக்கொண்டிருப்போம்.

வெளிச்சுவருக்குப் பட்டி வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அக்ரிலிக் பட்டி வெளியே கூடவே கூடாது, அது உள்சுவருக்கானது, ஈரம் பட்டால் ஊறும். வெள்ளை சிமெண்ட் பட்டி வெளியே போடலாம் என்றுதான் கம்பெனிகள் சொல்கின்றன, மெல்லிசாக, நனைத்த சுவரில் போட்டால் நிற்கவும் செய்கிறது. ஆனாலும் உங்கள் வீட்டுக்கு முழுச் சுவருக்கும் நான் போட மாட்டேன். கண்ணாடி மாதிரி வழுவழுப்பு வெளிச்சுவருக்கு எதற்கு, இருக்கிற அடுக்குகள் போதாதென்று இன்னொரு அடுக்கா? பள்ளம், ஒட்டுப்போட்ட இடம், அங்கே மட்டும் போதும். புதிதாகப் பூசிய இடத்துக்குத் தண்ணீர் காட்டி, குறைந்தது 28 நாள் விட்டுத்தான் பிரைமர். பச்சைப் பூச்சில் காரம் அதிகம், பெயிண்டின் நிறத்தையே திட்டுத் திட்டாகத் தின்றுவிடும். பிரைமர் சுரண்டிய இடம், பூசிய இடம், பொடி வரும் இடம் எல்லாவற்றுக்கும் கட்டாயம். கெட்டியாக இருக்கும் பழைய எமல்ஷன் மேல் அவசியமில்லை.

சரக்குக் கணக்கை நீங்களே போடுங்கள். 30க்கு 40 அடி வீடு என்றால் சுற்றளவு 140 அடி, உயரம் 22 அடி, பெருக்கினால் 3080 சதுர அடி, கதவு ஜன்னலைக் கழித்துச் சன்ஷேடையும் கைப்பிடிச் சுவர் உள்பக்கத்தையும் கூட்டினால் ஏறத்தாழ அதே அளவுதான் வரும். ரெண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 50 சதுர அடி என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். அப்படியானால் 20 லிட்டர் வாளி மூன்று. சரக்கோடு சேர்த்து மொத்தமாகப் பேசின வேலையில் ரெண்டே வாளியில் முடிந்தால் மீதி ஒரு வாளி தண்ணீர் என்று அர்த்தம். சரக்கு நீங்கள் வாங்குங்கள், கூலி மட்டும் பேசுங்கள், எவ்வளவு தண்ணீர் என்பது டப்பாவிலேயே இருக்கும், கலக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். பெயிண்டர் ஒரு கம்பெனியைப் பிடிவாதமாகச் சொன்னால் வாளிக்குள் அவருக்குக் கமிஷன் கொடுக்கிற டோக்கன் இருக்கலாம், அது எங்கள் தொழிலில் ரகசியம் ஒன்றுமில்லை. வாரண்டி அட்டையை வாங்கியதும் பின்பக்கத்தைப் படியுங்கள். ஓதம், விரிசல், சரியாகத் தயார் செய்யாத சுவர் இவற்றுக்கெல்லாம் பொறுப்பில்லை என்று இருக்கும். உங்கள் வீட்டில் உரிவதும் உப்புவதும் அதிலேயே வந்துவிட்டது.

நேரத்துக்கு வருகிறேன். தீபாவளிக்கு அடித்தது என்று எழுதியிருந்தீர்கள், படித்ததும் எனக்கு என் பழைய வேலை ஒன்று ஞாபகம் வந்தது. ஐப்பசி மாதம், வீட்டுக்காரர் அவசரப்படுத்த, ராத்திரி மழை பெய்து காலையில் வெயில் அடித்ததும் மேலே காய்ந்துவிட்டது என்று நம்பி அடித்தேன். தை பிறப்பதற்குள் கொப்புளம். சொந்தக் காசில் திரும்ப அடித்துக் கொடுத்தேன், அந்த வருஷம் எனக்குப் பொங்கல் இல்லை. வருஷத்திலேயே மோசமான மாதத்தில்தான் நாம் வீட்டுக்கு வெளியே பெயிண்ட் அடிக்கிறோம், பண்டிகை அப்படி அமைந்துவிட்டது. மார்கழியிலும் காலை பத்து மணி வரை சுவரில் பனி. உங்களுக்கு மாசி, பங்குனிதான் நல்லது. சுவர் காய்ந்ததா என்று சந்தேகமிருந்தால் ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள், தாளின் உள்பக்கம் வேர்த்திருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். மேற்குச் சுவரைக் காலையிலும் கிழக்குச் சுவரை மதியத்துக்கு மேலும் அடிக்கச் சொல்லுங்கள், சுடுகிற சுவரில் பெயிண்ட் பிடிப்பதற்குள் காய்ந்துவிடும். வடக்குச் சுவரைக் கடைசியாக, ஏப்ரலில் வைத்துக்கொண்டாலும் தப்பில்லை. நிறம் உங்கள் விருப்பம், பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். காவி, மண்மஞ்சள் போன்றவை இரும்பு ஆக்சைடு, அவை ஏற்கெனவே துருப்பிடித்தவை, வெயில் அவற்றை என்ன செய்துவிடும்? கோயில் மதிலைப் பாருங்கள்.

ஜன்னல் கிரில்லையும் சேர்த்து அடிப்பதாக இருந்தால் பழைய எனாமலை உலர்வாகத் தேய்க்காதீர்கள், தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள், அந்தத் தூளில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்கிற விதி 2016இல் வந்து 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது, உங்கள் வீட்டு எனாமல் அதற்கு முந்தியது. அலுமினிய ஏணி கொண்டு வந்தால் மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் வயர் எந்தப் பக்கம் என்று முதலிலேயே காட்டிவிடுங்கள்.

இப்போதைக்கு எந்த டப்பாவும் வாங்க வேண்டாம். கீழ்ப்பூச்சை உடைத்துக் காயப்போடுங்கள், கைப்பிடிச் சுவர் தலையைப் பாருங்கள், கிழக்குச் சுவரிலும் மேற்குச் சுவரிலும் ஒவ்வொரு துண்டு உரித்து அதன் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். வெள்ளைப் பொடியா மணலா என்று தெரிந்தால், முழுக்கச் சுரண்ட வேண்டுமா, பாதியோடு விடலாமா என்று சொல்கிறேன்.